வால்வு அதிர்வை கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறது எப்படி: கோத்தகிரியில இருந்து புதுசா வர்றவங்களுக்கு

எங்க வீட்டுக்குக் கீழ டீ எஸ்டேட் வேலியில ஒரு கேட் இருக்கு, அதுக்கு போஸ்ட்டா நட்டது ரெண்டு இன்ச் ஜிஐ பைப், மேல மூடி போடாம விட்டுட்டாங்க. ஜூன் மாசம் காத்து ஆரம்பிச்சா போதும், ராத்திரி பூரா ஊஊன்னு ஒரே சுருதியில கத்திக்கிட்டே இருக்கும். குச்சி விட்டுப் பாத்தா உள்ள 1.2 மீட்டர் ஆழம். ஒரு பக்கம் அடைச்ச பைப்புக்குள்ள காத்து என்ன அதிர்வெண்ல ஆடும்னு தெரியணும்னா ஒலியோட வேகத்தை நீளத்தோட நாலு மடங்கால வகுக்கணும், அவ்ளோதான். நம்ம குளிருக்கு ஒலி வேகம் வினாடிக்கு 340 மீட்டர்னு வெச்சா 340ஐ 4.8ஆல வகுத்து 71 ஹெர்ட்ஸ் வருது. போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் ஒண்ணை ஓட விட்டு பக்கத்துல புடிச்சேன், சரியா 70 கிட்ட ஒரே ஒரு கோடு நட்டமா நிக்குது.

இதுக்கும் அணு மின் நிலையத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நேரடி சம்பந்தம். அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்துல குவாட் சிட்டீஸ்னு ஒரு அணு மின் நிலையம் இருக்கு, 2002ல அங்க ரெண்டாவது யூனிட்டோட உற்பத்தியை சுமார் 18 சதவீதம் ஏத்துனாங்க, அதனால மெயின் ஸ்டீம் பைப்புல நீராவியோட வேகமும் ஏறுச்சு. அந்த பைப்புல இருந்து கிளை கிளையா மேல ஏறுற குட்டைக் குழாய்ங்க உச்சியிலதான் ரிலீஃப் வால்வுங்க உக்காந்திருக்கும். வால்வு மூடியிருக்கும்போது அந்தக் கிளை நம்ம கேட் போஸ்ட் மாதிரியே ஒரு பக்கம் அடைச்ச பைப்தான். கூடுன வேகத்துல நீராவி வாயைத் தாண்டி ஓடவும் 150 ஹெர்ட்ஸ் பக்கத்துல கத்த ஆரம்பிச்சுது, அந்த அழுத்த அலை உலைக்குள்ள நீராவியோட ஈரத்தைப் பிரிச்செடுக்குற ஸ்டீம் டிரையரைப் போயி உலுக்கி விரிசல் விட வெச்சுது, சரி பண்ணி ஓட்டுனா 2003ல திரும்பவும் விரிசல், அப்புறம் ரிலீஃப் வால்வைத் தொறக்க வைக்குற ஆக்சுவேட்டரோட பாகங்களும் அடிபட்டுப் போச்சு. கடைசியில 2006ல அந்தக் கிளைங்கள்ல கூடுதலா ஒரு பக்கக் குழாயை மாட்டி அதிர்வெண்ணையே நகத்தித்தான் அடக்குனாங்க. ஆபத்து நேரத்துல அழுத்தத்தை விடுறதுக்குன்னே வெச்ச வால்வு, ஒண்ணும் நடக்காத சாதாரண நாள்லயே தேஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்கிறது எனக்கு இன்னைக்கும் மனசுல ஒரு பாரமா நிக்குற விஷயம்.

மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஊர்லயே இருந்துக்கிட்டு இந்த வேலையைக் கத்துக்க முடியுமான்னு பக்கத்து ஹட்டிங்கள்ல இருந்து தம்பி தங்கச்சிங்க நெறைய பேர் கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். முடியும். ஆனா சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்காதீங்க.

மொதல்ல வால்வுல எது ஆடுதுன்னு பிரிச்சுப் பாக்கக் கத்துக்கணும். மேல தூக்கி நிக்குற மோட்டாரும், அதைத் தாங்குற யோக்குங்கிற சட்டமும் ஒரு மரம் மாதிரி ஆடும், பூகம்பம் வந்தாலோ பக்கத்துல பம்ப் ஓடுனாலோ பைப் வழியா வர்ற ஆட்டம் அது. உள்ள இருக்குற டிஸ்க் பாயுற தண்ணியால ஆடும், முக்கியமா ஒரு பக்கம் மட்டும் பாய விடுற செக் வால்வுல போதுமான வேகம் இல்லாம டிஸ்க் முழுசா தொறக்காம பாதியில தொங்குனா படபடன்னு அடிச்சு டிஸ்க் தொங்குற கீல் பின்னெல்லாம் தேஞ்சு போகும். சேஃப்டி வால்வு தொறந்து மூடி தொறந்து மூடி கதறும், குன்னூர் ஸ்டேஷன்ல நீராவி எஞ்சின் நிக்கும்போது சேஃப்டி வால்வு சீறுறதைக் கேட்டிருப்பீங்க, அது ஒரே சீறலா வந்தா நல்ல வால்வு, டகடகடகன்னு வந்தா ஸ்பிரிங்கும் நீராவியும் சண்டை போடுதுன்னு அர்த்தம். கடைசியா, பட்டுன்னு மூடுனா வர்ற வாட்டர் ஹேமர். கெத்தை போற வழியில மலைச்சரிவுல இறங்குற பெரிய பென்ஸ்டாக் குழாய்ங்களைப் பாத்திருப்பீங்க, அதுக்கு வால்வை மெதுவா மூடுறதுக்குக் காரணமே இதுதான், ஓடுற தண்ணியோட வேகம் திடீர்னு வினாடிக்கு ஒரு மீட்டர் குறைஞ்சாலே அழுத்தம் கிட்டத்தட்ட 12 பார் எகிறும். நாலும் நாலு வேற வேற கணக்கு. எந்தக் கணக்குன்னு தெரியாம மெஷ் போட, அதாவது மாடலை சின்னச் சின்ன துண்டா பிரிக்க உக்காந்தா ஒரு மாசம் போயிடும்.

இப்ப மொதல் படி, இதை தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. 25 எம்எம் அகலம் 5 எம்எம் தடிமன் இரும்பு பட்டை ஒண்ணு வாங்கிக்குங்க, வெல்டிங் பட்டறையில பிளாட்டுன்னு கேட்டா குடுப்பாங்க. பெஞ்ச் வைஸ்ல ஒரு முனையை இறுக்கி வெளிய சரியா 500 எம்எம் நீட்டி விடுங்க. நுனியை சுண்டி விட்டா அது 16.3 ஹெர்ட்ஸ்ல ஆடணும்னு கணக்கு சொல்லுது. அளந்து பாக்க ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனியில ஆஃகன் பல்கலைக்கழகத்துல செஞ்சது, போனுக்குள்ள இருக்குற ஆக்சிலரோமீட்டரைப் படிச்சு அதிர்வெண் காட்டும். சரி, போனை நுனியில ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி சுண்டுங்க. 16 வராது, 10 கிட்டதான் வரும்.

ஏன்? போன் 200 கிராம். பட்டையோட மொத்த எடையே அரைக் கிலோதான், அதுலயும் நுனியில இருக்குற மாதிரி கணக்குக்கு வர்றது கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 120 கிராம். அது மேல 200 கிராமைக் கட்டுனா ஆடுற எடை 320 கிராம் ஆயிடுது, விறைப்பு அதேதான், அதிர்வெண் எடையோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி எறங்கும், போட்டுப் பாருங்க சரியா 10 வரும். வால்வு தலையில மோட்டார் உக்காந்திருக்குறது இதேதான், அந்த போன்தான் உங்க ஆக்சுவேட்டர்.

இன்னொண்ணும் பண்ணுங்க. அதே பட்டையை வைஸ்ல இருந்து எடுத்து வீட்டுல மர மேசை ஓரத்துல சி கிளாம்ப் போட்டு இறுக்கி அதே 500 எம்எம் விட்டுப் பாருங்க. 10 வராது, எறங்கும், எவ்ளோ எறங்கும்ங்கிறது உங்க மேசையைப் பொறுத்தது. பட்டை மாறல, போன் மாறல, புடிச்ச புடி மட்டும் மாறுச்சு. கம்ப்யூட்டர்ல நீங்க 'ஃபிக்ஸட்'னு ஒரு பட்டனை அமுக்குறீங்க பாருங்க, அந்த மாதிரி புடி உலகத்துல எங்கயும் கிடையாது. நான் சொல்ல வர்றதுல முக்கால்வாசி இது ஒண்ணுதான்.

அடுத்தது வால்வுக்கு கைக்கணக்கு. யோக்கை ஒரு குழாய்னு நெனச்சுக்குங்க, வெளி விட்டம் 100 எம்எம், சுவர் 10 எம்எம், உயரம் 600 எம்எம், உச்சியில 150 கிலோ ஆக்சுவேட்டர். விறைப்புக்கு மூணு மடங்கு ஈயை (இரும்போட யங் மாடுலஸ், E) ஐயால (குறுக்குவெட்டோட மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா, I) பெருக்கி நீளத்தோட மூணாம் அடுக்கால வகுக்கணும், காலேஜ்ல படிச்ச அதே கேன்டிலீவர்தான். இரும்புக்கு 200 கிகா பாஸ்கல் போட்டா விறைப்பு மீட்டருக்கு சுமார் 80 லட்சம் நியூட்டன் வரும், அதை 150ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்து 6.28ஆல வகுங்க, 37 ஹெர்ட்ஸ். இந்த நம்பர் ஏன் முக்கியம்னா, அணு மின் நிலைய வேலையில பல காலமா ஒரு கோடு உண்டு, வால்வோட மொத இயற்கை அதிர்வெண் 33 ஹெர்ட்ஸுக்கு மேல இருந்தா அதை பூகம்பக் கணக்குக்கு விறைப்பான பொருளா எடுத்துக்கலாம், கீழ போனா பைப்போட சேத்து முழுசா டைனமிக் கணக்கு போட்டாகணும். இப்ப யோக்கை வெறும் 100 எம்எம் உயத்தி 700 ஆக்குங்க, மத்ததெல்லாம் அப்படியே. 29 ஹெர்ட்ஸ்! ஒரு சாண் கூட இல்லாத நீளம் கோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் தள்ளிடுச்சு. இந்தக் கணக்கை பேப்பர்ல போட அஞ்சு நிமிஷம் ஆகும், அப்புறம் கம்ப்யூட்டர் 370ன்னோ 3.7ன்னோ சொன்னா தப்பு எங்கன்னு உடனே மண்டையில தட்டும்.

சாஃப்ட்வேருக்கு காசு கட்ட வேண்டாம். கோட் ஆஸ்டர்னு ஒண்ணு இருக்கு, பிரான்ஸ்ல அணு மின் நிலையங்களை ஓட்டுற ஈடிஎஃப் நிறுவனமே 1989ல இருந்து தங்களோட சொந்த வேலைக்காக உருவாக்குனது, 2001ல இருந்து எல்லாருக்கும் இலவசமா குடுக்குறாங்க. சலோமி மெக்கான்னு சேத்து இறக்குனா படம் வரையுறது, மெஷ், ரிசல்ட் பாக்குறது எல்லாம் உள்ளயே இருக்கும். ஆரம்பத்துல கஷ்டமா இருக்கும், கையேடு நெறைய இடத்துல ஃபிரெஞ்சுல கெடக்கும். அது பயமா இருந்தா ஃப்ரீகேடு கூட வர்ற கால்குலிக்ஸ்ல ஆரம்பிங்க, நேர்மையான சால்வர், இயற்கை அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்குற மோடல் அனாலிசிஸ் அழகா பண்ணும். பாயுற தண்ணி நீராவிக்கு ஓப்பன்ஃபோம். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும்.

மொதல்ல அந்த இரும்பு பட்டையை வரைஞ்சு 16.3 வருதான்னு பாருங்க. வரலைன்னா தொண்ணூறு சதவீதம் யூனிட் கோளாறுதான். மில்லிமீட்டர்ல வரைஞ்சா விசை நியூட்டன், எடை டன், அடர்த்தி 7.85ஐ நூறு கோடியால வகுத்த எண்ணு. இதை 7850ன்னு போட்டுட்டு ஒரு வாரம் தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவங்க எத்தனையோ பேர். நுனியில 200 கிராம் பாயிண்ட் மாஸ் வெச்சு 10 வருதான்னும் பாருங்க. ரெண்டும் வந்தாத்தான் வால்வைத் தொடணும்.

வால்வு வரையும்போது எல்லாத்தையும் வரையாதீங்க. எழுத்து பொறிச்சது, சின்ன சாம்ஃபர், போல்ட் மரை, நேம் பிளேட் எல்லாத்தையும் தூக்கிடுங்க. ஆனா யோக் காலு பானெட்டுல, அதாவது வால்வு பாடியோட மேல் மூடியில சேர்ற இடத்துல இருக்குற வளைவை மட்டும் எடுக்காதீங்க, விரிசல் அங்கதான் பொறக்கும். ஆக்சுவேட்டரை வரையத் தேவையே இல்ல, எடையும் அதோட கனமையம் எங்கன்னும் தெரிஞ்சா ஒரு புள்ளியில வெச்சு யோக் தலையோட கோத்துடலாம், பல மோட்டாருங்க பக்கவாட்டுல தொங்கும், அதனால அந்தப் புள்ளி நடுவுல வராது, தள்ளித்தான் வரும். கோக்கும்போது ரிஜிட்டா கோத்தா அந்த முகமே கல்லா மாறி அதிர்வெண் பொய்யா ஏறிடும், எடையைப் பரப்பிக் குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டிங் கப்ளிங் போடுங்க. மெஷ்ல செகண்ட் ஆர்டர் எலிமெண்ட் (ஓரத்து நடுவுலயும் புள்ளி உள்ள துண்டு) எடுங்க, சுவர் தடிமனுக்குக் குறைஞ்சது ரெண்டு எலிமெண்ட், அப்புறம் பாதி அளவுல இன்னொரு தடவ ஓட்டி அதிர்வெண் நகராம நிக்குதான்னு பாருங்க.

தண்ணியை மறந்துடாதீங்க. உள்ள இருக்குற தண்ணியும் கூட ஆடும். 20 சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஒரு மெல்லிசு தட்டு தண்ணிக்குள்ள தன் முகத்தால தண்ணியைத் தள்ளுற மாதிரி முன்னும் பின்னும் ஆடுனா கிட்டத்தட்ட 2.7 கிலோ தண்ணியை இழுத்துக்கிட்டுத்தான் ஆடும், டிஸ்க்கோட சொந்த எடை போக கூடுதலா வர்றது அது. ஆனா உலைப் பக்கத்து தண்ணி 300 டிகிரில இருக்கும், அங்க அடர்த்தி 1000 கிடையாது, 700 சொச்சம்தான். சூட்டுல இரும்பும் இளகும், 200 கிகா பாஸ்கல் 185 கிட்ட வந்துடும், அதிர்வெண் நாலு சதவீதம் எறங்கும். நாலு சதவீதம்னா சின்னதுதான், ஆனா 34ல நிக்குற வால்வுக்கு அது பெருசு.

இப்ப புடி பத்தி நான் பட்டதைச் சொல்றேன். வேலைக்குச் சேந்த மொத வருஷம், ஒரு கேட் வால்வு, நான் பாடியோட ரெண்டு பிளாஞ்சையும் ஃபிக்ஸட் போட்டு, பானெட்டையும் யோக்கையும் ஒட்டுன மாதிரி பாண்டட் கான்டாக்ட் போட்டு, 41 ஹெர்ட்ஸ்னு ரிப்போர்ட் எழுதிட்டேன். டெஸ்ட் அன்னைக்கு ரப்பர் சுத்தியல் வெச்சு யோக் தலையில தட்டுறாங்க, திரையில 29ல முள்ளு மாதிரி நிக்குது. ராத்திரி தூக்கமே வரல. நிதானமா ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தோம். போல்ட் போட்ட மூட்டுல முழு முகமும் ஒட்டி இருக்காது, போல்ட்டைச் சுத்தி ஒரு வட்டம் மட்டுந்தான் அழுத்திப் புடிக்கும், மத்த இடம் ஆடுனா வாய் தொறக்கும். அந்த வட்டத்தை மட்டும் ஒட்ட வெச்சேன், 41 போயி 34 ஆச்சு. அப்புறம் டெஸ்ட் ஸ்டாண்டோட அடிப் பிளேட்டு, 20 எம்எம் தகடு, அதுவும் வளையுது, அதையும் மாடல்ல சேத்தேன், 30 வந்துச்சு. மோட்டார்லயோ ஸ்டெம்லயோ ஒரு மாத்தமும் இல்ல. அன்னையில இருந்து எந்த வால்வுக்கும் மூணு புடியில ஓட்டுறேன், கெட்டியா ஒண்ணு, இளகலா ஒண்ணு, உண்மைக்குப் பக்கத்துல ஒண்ணு, மூணையும் ரிப்போர்ட்ல எழுதுறேன்.

பாய்வுக் கணக்குக்கு வந்தா, நம்ம கேட் போஸ்ட்டுக்கே திரும்பப் போவோம். கிளைக் குழாய் நீளம் 0.8 மீட்டர்னு வெச்சுக்குங்க, 70 பார் அழுத்தத்துல நிறை நீராவியில ஒலி வேகம் 490 கிட்ட, அப்ப 490ஐ 3.2ஆல வகுத்து 153 ஹெர்ட்ஸ். இது எப்ப கத்தும்? அதிர்வெண்ணை வாயோட விட்டத்தால பெருக்கி ஓடுற வேகத்தால வகுத்தா வர்ற எண்ணுக்கு ஸ்ட்ரூஹால் எண்ணுன்னு பேரு, அது 0.4ஐச் சுத்தி வரும்போது கத்தும். வாய் 15 சென்டிமீட்டர்னா வேகம் வினாடிக்கு 57 மீட்டர் வந்ததும் ஆபத்து வட்டத்துக்குள்ள வந்தாச்சு. இதே கணக்கை எங்க கேட்டுக்கு, வாய் 5 சென்டிமீட்டர், போட்டா வினாடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர் காத்து. ஜூலையில கோத்தகிரி மேட்டுல அது சாதாரணக் காத்து, அதான் ராத்திரி பூரா கத்துது. மே மாசம் காத்து நின்னா சத்தமும் நின்னுடும்.

ஓப்பன்ஃபோம்ல இதை எடுக்கணும்னா ரெண்டு விஷயம் கட்டாயம். ஒண்ணு, கம்ப்ரஸ்ஸிபிள் சால்வர் போடணும், ரோபிம்பிள்ஃபோம் மாதிரி. இன்கம்ப்ரஸ்ஸிபிள் போட்டா படம் அழகா சுழலும், ஆனா ஒலி அலைன்னு ஒண்ணு அந்தச் சமன்பாட்டுலயே இல்ல, நீங்க தேடுற கத்தல் பொறக்கவே பொறக்காது, பிரச்சினை இல்லன்னு எழுதிக் குடுத்துடுவீங்க. அந்தத் தப்பு எனக்கு ரொம்ப பயம். ரெண்டாவது, ஸ்டெடி கணக்கு போடாதீங்க, நேரத்தோட ஓட்டணும். 150 ஹெர்ட்ஸுக்கு ஒரு சுத்து 6.7 மில்லிசெகண்டு, அதை 50 துண்டா வெட்டுனா ஒரு படி 0.13 மில்லிசெகண்டு, அது மேல்வரம்பு, மெஷ் நுணுக்கமா இருந்தா அதைவிட ரொம்ப சின்னதாத்தான் போகும். டர்புலன்ஸுக்கு, பெரிய சுழல்களை நேரடியா கணக்குப் போடுற டீஇஎஸ் (DES) வகை எடுங்க, எல்லாத்தையும் சராசரியா எடுக்குற சாதாரண ரான்ஸ் (RANS) ஆட்டத்தையெல்லாம் அமுக்கிடும். அப்புறம் ஒரு செகண்டு அளவுக்காவது ஓட்டுனாத்தான் ஸ்பெக்ட்ரத்துல 1 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும், அரை செகண்டு ஓட்டுனா 2 ஹெர்ட்ஸ் துல்லியந்தான், இதுல குறுக்கு வழி இல்ல.

ஓட்டுறது நாள் கணக்குல போகும். நம்ம ஊருக்கு ஒரு வசதி உண்டு, டிசம்பர் ராத்திரியில லேப்டாப் சூடாகி வேகம் குறையாது, ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து வெச்சாப் போதும், ஆனா மூடுபனி நேரத்துல தொறக்காதீங்க, ஈரம் உள்ள போயிடும். கஷ்டம் என்னன்னா மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போனா ரெண்டு நாள் கூட வராது. அதனால ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு தடவ சேவ் ஆகுற மாதிரி வெச்சுட்டு கடைசி சேவ்ல இருந்து திரும்ப ஆரம்பிக்குற செட்டிங்கை மொத நாளே சோதிச்சுப் பாத்துடுங்க. நாலு நாள் ஓட்டம் ஒரு நிமிஷத்துல போனா மனசு விட்டுப் போயிடும்.

அழுத்தம் கிடைச்சதும் அதை எடுத்துக்கிட்டுப் போயி கோட் ஆஸ்டர்ல வால்வு மேல போடுங்க, இது ஒரு வழிக் கணக்கு, ஆரம்பத்துக்கு இது போதும். செக் வால்வு டிஸ்க்கும் சேஃப்டி வால்வு கதறலும் மட்டும் ரெண்டு வழிக் கணக்கு கேக்கும், டிஸ்க் நகந்தா பாய்வே மாறுது இல்லையா, அதைப் பின்னாடி பாத்துக்கலாம். டேம்பிங்ல, அதாவது ஆட்டத்தை அடக்குற தன்மைக்குப் போடுற எண்ணுல கவனம் வேணும். 2 சதவீதம் போட்டா அதிர்வெண் ஒத்துப் போற இடத்துல ஆட்டம் 25 மடங்கு பெருகும், 1 சதவீதம் போட்டா 50 மடங்கு. ஒரே ஒரு எண்ணு, உங்க ரிசல்ட்டை ரெட்டிப்பாக்குது. எங்க இருந்து அந்த எண்ணை எடுத்தீங்கன்னு எழுதாம ரிப்போர்ட் குடுக்காதீங்க. ரிசல்ட் படத்துல சிவப்பு பச்சை பாத்து மயங்காம, யோக் காலு வளைவுல ஸ்ட்ரெஸ் எவ்ளோன்னு எண்ணாப் படிங்க. சின்ன ஸ்ட்ரெஸ்தானேன்னு விடவும் முடியாது, 150 ஹெர்ட்ஸ்ல ஆடுற பொருளு ஒரு கோடி தடவ ஆட பதினெட்டரை மணி நேரம் போதும், நேத்து மத்தியானம் ஆரம்பிச்சா இன்னைக்குக் காலையில முடிஞ்சிடும். அதனால இங்க ஃபட்டீக் எல்லைக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஆடுனாலும் விரிசல் விடாத ஸ்ட்ரெஸ் அளவுக்கு நல்லா கீழ இருக்கணும், ஓரத்துல இருக்குறது பத்தாது.

இதெல்லாம் கத்துக்குற கணக்கு. கல்பாக்கத்துலயோ கூடங்குளத்துலயோ போயி உக்காரப் போற வால்வுக்கு கம்ப்யூட்டர் கணக்கு மட்டும் வெச்சு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க, ஷேக் டேபிள் டெஸ்ட், தட்டிப் பாக்குற டெஸ்ட், இன்னொரு ஆள் தனியா சரிபாக்குறது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட விதிங்கன்னு பல கையைத் தாண்டித்தான் போகும், போகணும். உங்க ரிப்போர்ட்டை சரிபாக்குறவங்க கேள்வி கேட்டா கோவப்படாதீங்க, ஃபைல் எல்லாத்தையும் குடுத்துடுங்க.

பட்டைக்கும் வைஸுக்கும் கோத்தகிரி மார்க்கெட் பக்கத்துப் பட்டறைங்கள்ல கேளுங்க, வேலை இல்லாத நேரமா போனா அண்ணன்மாரு அரை மணி நேரம் வைஸைக் குடுப்பாங்க, எனக்கு எப்பவும் குடுத்திருக்காங்க. போகும்போது பட்டையை 510 எம்எம்முக்கு வெட்டிடாதீங்க, வைஸ் வாய்க்குள்ள போக குறைஞ்சது 80 எம்எம் வேணும், 600க்கு வெட்டச் சொல்லி 500ல ஆணியால ஒரு கோடு கீறிக்குங்க.